பச்சை நூல் கட்டு

செல்லம்மாள்: ...அப்ப இந்தப் பச்ச நூலு தானா வந்து முடிச்சு போட்டுக்கிச்சா? சொல்லுடி பாரதி. காலங்காத்தால வாஹித் பாய் ஊட்டு வாசல்ல நின்னு பேச்சு வாங்கினு வர்றேன் நான்.

பாரதி: தானா எப்பிடி அத்தை கட்டிக்கும். நான்தான் கட்னேன்.

செல்லம்மாள்: கட்னே, சரி. தெச்சது?

பாரதி: தெச்சதும் நான்தான்.

சோபனா: இன்னா அண்ணி, வந்ததும் வராததுமா... மொதல்ல உக்காருங்க. டீ இப்பதான் எறக்குனேன். பாத்து, டம்ளர் கொதிக்குது. முந்தானையில புடிங்க.

செல்லம்மாள்: முந்தானையும் வேணாம், ஒண்ணும் வேணாம். குடு இப்பிடி.

பாரதி: அத்தைக்கு இரும்புக் கைம்மா. நாம ஊதி ஊதி குடிக்கறத்துக்குள்ள அவங்க குடிச்சு முடிச்சு டம்ளர கவுத்து வெச்சிடுவாங்க.

செல்லம்மாள்: உழைச்ச கைடி இது. சிரிக்காத. பேச்சயும் மாத்தாத. சோபனா, நீயே வந்து பாரு. ஷூவுக்கு மேல போடற அப்பரா இது? மூக்குகிட்ட சுருங்கிப் போய்... ஒரு தையல் இழுத்துனு நிக்குது, அடுத்த தையல் தொங்குது. கம்பெனி செக்கர் கட்ட முழுசா பிரிக்கக்கூட இல்லியாம். மேல இருந்தத ஒண்ணு பாத்துட்டு அப்பிடியே தூக்கி கடாசிட்டானாம்.

சோபனா: பச்ச நூலா... நல்லா பாத்தீங்களா அண்ணி? செவப்பு இல்லியா?

செல்லம்மாள்: எனக்கு கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தத் தெருவுல தெய்க்கறவங்க ஆளுக்கு ஒரு கலர் நூலு குடுத்தவளே நான்தான். இவளுக்கு பச்ச, உனக்கு செவப்பு, பக்ருன்னிசாவுக்கு மஞ்சள். கட்டு திரும்பி வந்தா யார் கைன்னு கேக்காமலே தெரியணும்னுதான இந்த ஏற்பாடே... உனக்கு இன்னாத்துக்கு மூஞ்சி இப்பிடி போவுது?

சோபனா: ஒண்ணுமில்ல அண்ணி. அடுப்பு பக்கத்துலயே நின்னது.

பாரதி: அம்மா, நீ உள்ள போ. அத்தை என்கிட்டதான பேசறாங்க.

செல்லம்மாள்: அவ எங்கயும் போவ வேணாம். அவளும் கேக்கட்டும். கம்பெனிலேர்ந்து வேலய கொண்டாந்து குடுக்கற மனுஷன், வாஹித் பாய் கத்தியிருந்தா கூட எனக்கு வருத்தம் இல்ல. மெதுவா கேட்டார். செல்லம்மா, பச்ச நூலு கையப் பத்தி கம்பெனியில நான் எவ்ளோ பெருமையா சொல்லி வெச்சிருக்கறேன், பிளஸ் டூ முடிச்சா செக்கர் சீட்டு வாங்கித் தர்றேன்னு சொன்னது இந்தக் கைக்காம்மான்னு கேட்டார். நான் தலைய குனிஞ்சினு நின்னேன். கடைசியா ஒண்ணு சொன்னார். இனிமே பச்ச நூலு கட்டு எனக்கு வேணாம்னுட்டார்.

பாரதி: நல்லதா போச்சு.

செல்லம்மாள்: இன்னாது?

பாரதி: நல்லதா போச்சுன்னேன். தெய்க்க நீங்க குடுக்கற பை எனக்கு இனிமே வேணாம் அத்தை. ஆம்பூர் ஸ்கூல்ல பிளஸ் ஒன் சேரப் போறேன். பத்து மணிக்கு அம்மாவ கூட்டினு வரச் சொல்லியிருக்காங்க.

செல்லம்மாள்: ஆங்... வந்துச்சா வெளிய. அதான பாத்தேன். வேணும்னே கெடுத்திருக்கற.

பாரதி: ஆமா. வேணும்னேதான் கெடுத்தேன்.

சோபனா: பாரதி, வேணாம்...

பாரதி: நீ சும்மா இரும்மா. எத்தினி வாட்டி கெஞ்சியாச்சு இவங்ககிட்ட. அப்பாகிட்ட கேட்டா அக்காவ கேளுன்றாரு. அக்காவ கேட்டா ஊர் ஸ்கூலே போதும்ன்றாங்க. சரி, கைய கெடுத்துக்கினா உட்டுடுவாங்கன்னு கெடுத்தேன். இப்ப உட்டுட்டாங்க இல்ல?

செல்லம்மாள்: வாய பாரு, வாய. இந்த ஊர் ஸ்கூல்ல இன்னாடி கொற?

பாரதி: பயாலஜி இல்ல. காமர்ஸ், ஹிஸ்டரி ரெண்டுதான்.

செல்லம்மாள்: காமர்ஸ் எடு. நல்ல மார்க்கு வாங்கி இருக்கற, கண்ண மூடினு குடுப்பாங்க. சாயந்தரம் மணி அடிச்சதும் ஊடு வந்துடலாம். வெளிச்சம் இருக்கற வரைக்கும் ஒரு பைய முடிக்கலாம். ஆம்பூர் போனா ஸ்பெஷல் கிளாஸு, அது இதுன்னு இருட்னப்புறம்தான் பஸ்ஸே ஏறுவ. அப்பறம் இன்னாத்த தெய்ப்ப?

பாரதி: அதான் சொல்றேன். தெய்க்க மாட்டேன்.

செல்லம்மாள்: நீ தெய்க்கலைன்னா இந்த ஊட்டு பை பாதியாயிடும். உங்கப்பன் வேல செய்யற தோல் டேனரி இன்னிக்கு தொறந்திருக்கும், நாளைக்கு கழிவு தண்ணி பிரச்சனைன்னு மூடிடுவான். அத யோசிச்சியா? நான் இன்னா, உனக்கு எதிரியா?

பாரதி: எதிரின்னு சொல்லல.

செல்லம்மாள்: செக்கர் சீட்டுனா இன்னான்னு தெரியுமா உனக்கு? மேல ஃபேனு ஓடும். குனிய வேணாம். ஊசி புடிக்க வேணாம். மத்தவங்க தெச்சத பாத்து நல்லது கெட்டது சொன்னா போதும். இந்தத் தெருவுல ஒரு பொண்ணுக்கு கெடச்சிருக்குமா அது? நான் எத்தினி நாளு வாஹித் பாய் பின்னாடியே நடந்து வாங்கினேன் தெரியுமா.

பாரதி: எனக்காக வாங்குனீங்க, சரி. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?

செல்லம்மாள்: கேட்டா மட்டும் இன்னா சொல்லியிருப்ப. டாக்டர் ஆவறேன்னு சொல்லியிருப்ப. நாட்றம்பள்ளி சின்னம்மா பையன் செந்தில்குமார மறந்துட்டியா? அவனும் பயாலஜிதான் எடுத்தான். டாக்டர் பரீட்ச எழுதினான், போச்சு. மறுபடி எழுதினான், அதுவும் போச்சு. இப்ப சொந்தக்காரங்க யார் வந்தாலும் ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கறான்.

பாரதி: நான் டாக்டர் ஆவறேன்னு யார் சொன்னது?

செல்லம்மாள்: அப்ப நர்ஸா?

பாரதி: நர்ஸும் இல்ல.

செல்லம்மாள்: அதுவும் இல்ல, இதுவும் இல்லன்னா பயாலஜி எதுக்குடி? தவள அறுக்கவா?

பாரதி: கைக்கு வைத்தியம் பாக்கற படிப்பு ஒண்ணு இருக்குது அத்தை. ஆக்குபேஷனல் தெரபின்னு பேரு. அதுக்கு பயாலஜி படிச்சிருக்கணும்.

செல்லம்மாள்: பேரே வாயில நொழையல. கை புடிச்சு உடறதுக்கு ஒரு படிப்பா? நம்ம சந்தையில ஒருத்தன் எண்ண பாட்டில வெச்சினு உக்காந்திருக்கானே, அவன் எந்த காலேஜ்ல படிச்சான்?

பாரதி: எண்ண தடவறது இல்ல அது. நரம்பு அழுந்திப் போய் வெரல் மரத்துடுது பாருங்க, வேல செஞ்சு செஞ்சு... அவங்களுக்கு கைய எப்பிடி வெச்சுக்கணும், எந்த வேலய எப்பிடி புடிச்சு செய்யணும்னு சொல்லிக் குடுப்பாங்க. ஒரு தகடு இருக்குது, பிளாஸ்டிக் மாதிரி. சுடுதண்ணில போட்டா எளகிடும். அத எடுத்து கை மேல வெச்சு, மணிக்கட்டு வளையாம நிக்கற மாதிரி அழுத்தி, ஆறுனதும் எடுத்தா கைக்கு அளவா ஒரு பட்ட ஆயிடும். ஆளுக்கு ஆளு அளவு வேற வேற. கடையில வாங்க முடியாது.

செல்லம்மாள்: ஓ... இதெல்லாம் எங்க பாத்த?

பாரதி: ...போன்ல.

செல்லம்மாள்: போன்ல பாத்தவ தகடு ஆறுனது வரைக்கும் சொல்றியே. தொட்டுப் பாத்தவ மாதிரி இல்ல பேசற?

பாரதி: நல்லா காட்னாங்க. வீடியோவுல.

செல்லம்மாள்: போன மாசம் ரெண்டு பேரும் வேலூர் கோட்ட கோயிலுக்குன்னு போனீங்க. துண்ணூறு கூட கொண்டாரல. அப்பவே ஒரு மாதிரி நெனச்சேன்.

சோபனா: அண்ணி, டீ ஆறிடப் போவுது... குடிங்க.

செல்லம்மாள்: குடிச்சு முடிச்சிட்டேன். சரி, இங்க வாடி. இத பாரு. லைனிங் உள்பக்கம். இது இன்னா கற?

பாரதி: எது?

செல்லம்மாள்: எதுவா? இதோ. இதோ இங்க ஒண்ணு. இந்த ஜோடியில ரெண்டு காலுலயும் இருக்குது. செவப்பா காஞ்சு போய்.

பாரதி: மருதாணியா இருக்கும். கையில வெச்சிருந்தேன்.

செல்லம்மாள்: கைய காட்டு.

பாரதி: அழிஞ்சு போச்சு.

செல்லம்மாள்: ஒரு வாரத்துல சுத்தமா அழியற மருதாணிய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. ஊசி குத்தி ரத்தம்டி இது. கைய காட்டுன்னா காட்டு. ...எங்க? ஒரு குத்து கூட காணமே. உன் கை நல்லா வழுவழுன்னு இருக்குது.

பாரதி: ஆறிப் போச்சு.

செல்லம்மாள்: மருதாணியும் அழிஞ்சு போச்சு, குத்துனதும் ஆறிப் போச்சு. உக்காரு இப்பிடி.

பாரதி: எதுக்கு?

செல்லம்மாள்: இந்தா ஊசி. இந்தா மெழுகு நூலு. இது தெய்க்காத அப்பர். வேணும்னே கெடுத்தேன்னு சொன்ன இல்ல? எம்முன்னாடி இன்னொண்ணு கெடு. பாக்கறேன்.

பாரதி: நேரமாவுது அத்தை. பத்து மணிக்கு ஸ்கூல்ல...

செல்லம்மாள்: ஸ்கூலு ஓடிப் போவாது. தெய்யி.

பாரதி: நீங்க ஒண்ணு தெச்சுக் காட்டுங்களேன். தெருவுக்கே பைய பிரிச்சுக் குடுக்கறீங்க, நீங்க ஊசி புடிச்சு நான் பாத்து வருஷக் கணக்காவுது.

செல்லம்மாள்: நான் தெச்ச காலத்துல நீ தொட்டில்ல கெடந்த. எனக்கு இன்னாத்துக்கு இனிமே ஊசி? என்னை கேள்வி கேக்காம நீ தெய்யி.

சோபனா: அண்ணி, கொழந்தைய எதுக்கு இப்பிடி...

செல்லம்மாள்: கொழந்தையா? நேருக்கு நேரா நின்னு பதிலுக்கு பதில் பேசறா, கொழந்தையாம். ...ம். தெய்யி, தெய்யி. இன்னும் கொஞ்சம். நல்லா இழு. போதும், குடு.

பாரதி: பாத்துக்குங்க. சுருங்கி இருக்குதா? தொங்குதா? திருப்தியா?

செல்லம்மாள்: சுருங்கியும் இருக்குது, தொங்கவும் தொங்குது. ஆனா பாரு... ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் எடவெளி ஒரே மாதிரி இருக்குது. நூலு புடிச்சு அளந்த மாதிரி. வேணும்னு கெடுத்தாக்கூட உனக்கு ஒழுங்காத்தான்டி கெடுக்க வருது. அந்தக் கட்ட தெச்ச கை வேற. ஊசி எங்க எறங்குதுன்னு தெரியாத கை. வெரல்ல குத்துனது கூட தெரியாம மேல மேல தெச்சிருக்குது. தெரிஞ்சிருந்தா வெரல எடுத்து வாயில வெச்சிருக்கும், லைனிங்ல இவ்ளோ ரத்தம் ஆவறவரைக்கும் இருந்திருக்காது. யார் தெச்சது?

பாரதி: நான்தான்.

செல்லம்மாள்: சோபனா. நீ வா. ஊசிய புடி.

பாரதி: அம்மாவ எதுக்கு கூப்புடறீங்க? நான்தான்னு சொல்றேன் இல்ல?

செல்லம்மாள்: அவளுக்கு வாய் இருக்குது. வா சோபனா. ஒரே ஒரு தையல் போடு. போதும்.

சோபனா: மாட்டேன் அண்ணி.

செல்லம்மாள்: இன்னா சொன்ன?

சோபனா: தெய்க்க மாட்டேன்னு சொன்னேன். இந்த ஊட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நீங்க சொன்ன எதுக்கும் நான் இல்லன்னு சொன்னதில்ல. இதுக்கு சொல்றேன். தெய்க்க மாட்டேன். என்னால தெய்க்க முடியாது.

பாரதி: அம்மா, உட்டுடு. நான் பாத்துக்கறேன்...

சோபனா: நீ பாத்தது போதும் பாரதி. அந்தக் கட்டு என்னுது அண்ணி. செவப்பு நூலு போட்டு நான்தான் கட்டி வெச்சேன். திரும்பி வரும்னு எனக்குத் தெரியும். வந்தா ஒத்துக்கலாம்னுதான் இருந்தேன். எப்பிடி பச்சையாச்சுன்னுதான் எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் புரியல.

பாரதி: நான் மாத்துனேன்.

சோபனா: எப்ப?

பாரதி: ஆம்பூர் ஸ்கூலுக்கு விசாரிக்க போய்ட்டு வந்தேனே, அன்னிக்கு. வந்து பாத்தா நீ நான் இல்லாதப்ப உக்காந்து எல்லாத்தயும் தெச்சு கட்டி வெச்சிருந்த. பிரிச்சுப் பாத்தேன். உள்ள பூரா ரத்தம். வாஹித் பாய் ஆட்டோ தெருமொனைக்கு வந்துடுச்சு. பிரிச்சு தெய்க்க ஏது நேரம்? செவப்ப அறுத்துட்டு என் நூல கட்டிட்டேன். உன் கையும் வெளிய தெரியாது, என் கையும் வேணாம்னு உட்டுடுவாங்க. ஒரே முடிச்சுல ரெண்டு வேல.

செல்லம்மாள்: அடிப்பாவி... பத்தாங்கிளாஸ் படிச்சினு இந்த மூளையா உனக்கு.

பாரதி: அதான் மேல படிக்கறேன்றேன்.

செல்லம்மாள்: கிண்டலா? சோபனா, எப்பத்துலேர்ந்து இப்பிடி இருக்குது?

சோபனா: போன பொங்கலுக்கு முன்னாடியே வெரல் மரத்துச்சு. அப்பறம் ராத்திரில எரிச்சல். ஒதறுனா சரியாவும். இப்பல்லாம் ஒதறுனாலும் ஒண்ணும் தெரியறதில்ல. காபித்தூள் எடுத்தா கீழ கொட்டுது, ஜாக்கெட் ஊக்கு போட முடியல.

செல்லம்மாள்: அப்ப இத்தினி மாசமா செவப்பு நூலு கட்டு...

பாரதி: நான்தான் தெச்சேன். என் பையும் நான், அம்மா பையும் நான். பரீட்சை சமயத்துல காலையில எழுந்து படிச்சுட்டு, ஸ்கூல் உட்டு வந்து தெச்சேன். நீங்க ரெண்டு கட்டயும் பாத்து, சோபனாவுக்கு இப்பதான் கை நல்லா வருதுன்னு தெரு பூரா சொன்னீங்க.

செல்லம்மாள்: என்கிட்ட ஏன்டி மறச்சீங்க? நான் இன்னா வேத்து ஆளா?

பாரதி: பக்ருன்னிசா அம்மா உங்களுக்கு வேத்து ஆளா?

செல்லம்மாள்: அவ பேச்சு இப்ப எதுக்கு?

பாரதி: அவங்க கை மரத்துடுச்சுன்னு உங்ககிட்ட வந்து அழுதாங்க. தோஸ்த்து தோஸ்த்துன்னு அவங்க ஊட்லயே உக்காந்து சாப்ட்டவங்க நீங்க. அடுத்த வாரத்துலேர்ந்து மஞ்ச நூலு கட்டே இந்தத் தெருவுலேர்ந்து போவல. ஏன்னு கேட்டா, ரெஸ்ட் எடுக்கட்டும்னு வாஹித் பாய் சொன்னார்னு சொன்னீங்க. இன்னும் ரெஸ்ட்லதான் இருக்காங்க. அத பாத்துட்டு எங்கம்மாவ எப்பிடி உங்ககிட்ட அனுப்புவேன்?

செல்லம்மாள்: நான் நிறுத்தலடி. மேலேர்ந்து நிறுத்துனாங்க. நான் பை வாங்கி பிரிச்சு குடுக்கறவ. எனக்கு இன்னா அதிகாரம் இருக்குது?

பாரதி: எங்க மேல மட்டும் இருக்குதே.

சோபனா: பாரதி, ஜாஸ்தி பேசாத.

பாரதி: பேசுவேன். வேலூர்ல அந்த ஆஸ்பத்திரில எங்கள உக்கார வெச்சாங்க பாருங்க, அந்த ரூமுல எத்தினி பேரு கைய தூக்கினு உக்காந்திருந்தாங்க தெரியுமா? வங்காளத்துலேர்ந்து வந்த ஒரு ஆளு, சித்தூர் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு ஆயா... எல்லாருக்கும் கையிலதான் கொற. நாங்க கோட்ட பக்கமே போவல அத்தை. கோயிலுக்குன்னு சொன்னது பொய்யி.

செல்லம்மாள்: அது எனக்கு துண்ணூறு வராதப்பவே தெரியும்.

பாரதி: அங்க ஒரு அக்கா இருந்தாங்க. அம்மா கைய புடிச்சுப் பாத்தாங்க. மருந்து கேக்கல, மாத்திர கேக்கல. நீங்க இன்னா வேல செய்யறீங்கன்னு கேட்டாங்க. அம்மா சொல்ல கூச்சப்பட்டுச்சு. நான் சொன்னேன், ஷூ அப்பர் தெய்க்கறாங்கன்னு. எப்பிடி புடிப்பீங்க, காட்டுங்கன்னு சொல்லி ஒரு பேனாவ கையில குடுத்தாங்க. அம்மா புடிச்சுக் காட்டுச்சு. அதுலயே எந்த நரம்புன்னு சொன்னாங்க. எங்க ஊர்ல தெருவுக்கு தெரு இப்பிடி கை இருக்குதுன்னு சொன்னேன். அங்க போய் பாக்கறதுக்கு யாரும் இல்லியேம்மான்னு சொன்னாங்க. அவ்ளோதான். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

செல்லம்மாள்: அந்தப் பட்ட... தகடுன்னு சொன்னியே. அதெல்லாம் போன்ல பாக்கல.

பாரதி: இல்ல. அம்மா கைக்கு செஞ்சாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். தொட்டும் பாத்தேன்.

செல்லம்மாள்: எங்க அது?

சோபனா: அரிசி டிரம்முல இருக்குது அண்ணி. நீங்க வந்தா தெரியக் கூடாதுன்னு அதுல வெச்சேன். நீங்க போனப்பறம் எடுத்து மாட்டிப்பேன்.

செல்லம்மாள்: அரிசியிலயா... நல்லா இருக்குதுடி உங்க குடித்தனம். எடு, பாக்கலாம்.

பாரதி: இந்தாங்க. பாத்து, வளைக்காதீங்க.

செல்லம்மாள்: வளைக்கல. ...லேசா இருக்குது. இத மாட்டினா சரியாயிடுமா?

பாரதி: சீக்கிரமா வந்திருந்தா இதுவே போதும்னாங்க. இப்ப இதயும் போடணும், தெய்க்கறதயும் நிறுத்தணும். அப்பிடியும் கம்மி ஆவலைன்னா சின்னதா ஒரு ஆபரேஷன்.

செல்லம்மாள்: ஆபரேஷன் பண்ணா திரும்ப... தொட்டா தெரியுமா?

பாரதி: தெரியலாம். ரொம்ப நாளு உட்டுட்டா முழுசா வராதுன்னாங்க.

செல்லம்மாள்: ரொம்ப நாளுன்னா எவ்ளோ நாளு?

பாரதி: அது கைய பாத்துதான் சொல்லுவாங்க. எதுக்கு கேக்கறீங்க?

செல்லம்மாள்: சும்மா கேட்டேன். சோபனா, நீ இனிமே ஊசிய தொடாத.

சோபனா: நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன் அண்ணி. இன்னொண்ணும் சொல்லிடறேன். எம்பொண்ண நான் ஆம்பூர்ல சேக்கத்தான் போறேன். நீங்க பை குடுத்தாலும் சரி, நிறுத்துனாலும் சரி. அவங்கப்பா வந்து அக்கா இன்னா சொல்லுச்சுன்னு கேட்டா, அக்கா வேணாம்னுதான் சொல்லுச்சு, நான்தான் சேத்தேன்னு சொல்லிடுவேன். கஞ்சி குடிச்சாவது ஓட்டிக்கறோம். எங்கையில தெரியாத ஊசி இவ கையிலயும் தெரியாம போவணுமா?

பாரதி: அம்மா...

சோபனா: போய் தல வாரு. பஸ்ஸுக்கு நேரமாவுது.

செல்லம்மாள்: இருடி. என்னை ஒரு வார்த்த சொல்ல உடாம ஆத்தாளும் பொண்ணும் கச்சேரி வெக்கறீங்க. செக்கர் சீட்டுக்காக வாஹித் பாய்கிட்ட நான் பல்ல இளிச்சதெல்லாம் இன்னாத்துக்கோசரம்? நீ ஊசிய உட்டு வெளிய வரணும்னுதான். எனக்குத் தெரிஞ்ச வெளி அவ்ளோதான். இப்பிடி ஒரு வெளி இருக்குதுன்னு எனக்கு யார் சொன்னா?

பாரதி: கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.

செல்லம்மாள்: சரி, கேக்கல. தப்புதான். வாஹித் பாய்கிட்ட நான் பேசிக்கறேன். பச்ச நூலு நீங்க ஒண்ணும் நிறுத்த வேணாம், அது படிக்கப் போய்டுச்சு, தெச்சது வேற கை, அந்தக் கையும் இனிமே தெய்க்காதுன்னு சொல்லிடறேன்.

பாரதி: சொன்னா அம்மா பேரும் பக்ருன்னிசா அம்மா பேரு மாதிரி போய்டும்.

செல்லம்மாள்: போவாது. கை மரத்தவங்களுக்கு கட்டு கட்ற வேல, எண்ணி அடுக்கற வேல, எதுனா ஒண்ணு குடுங்க. குடுக்கலைன்னா இந்தத் தெருவுக்கே உங்க பை வேணாம்னு சொல்லுவேன். பக்ருன்னிசாவுக்கும் சேத்துதான். வேற ஆள பாத்துக்கட்டும் அவரு.

சோபனா: அண்ணி, நெசமாவா சொல்றீங்க? அவரு கோச்சுக்கினா உங்க பொழப்பு?

செல்லம்மாள்: கோச்சுக்கட்டுமே. இத்தினி வருஷமா நான் தலைய குனிஞ்சது போதும். ஒரு நாளு அவரு குனியட்டும்.

பாரதி: அத்தை, இத அப்பவே சொல்லியிருந்தா...

செல்லம்மாள்: அப்ப பயம். வேற இன்னா. பேஜாரு புடிச்சவளே, தல வாரினு கெளம்பு. நானும் வர்றேன் ஸ்கூலுக்கு.

பாரதி: நீங்களா? நீங்க எதுக்கு? அங்க வந்து, காமர்ஸே குடுத்துடுங்க டீச்சர்னு சொல்றதுக்கா?

செல்லம்மாள்: உன் குரூப்ப நான் தொடல. சேத்துட்டு அப்பிடியே நாம வேலூர் பஸ் ஏறலாம். அந்த அக்காகிட்ட போவணும்.

சோபனா: எனக்கு அடுத்த மாசம்தான் வரச் சொல்லியிருக்காங்க அண்ணி.

செல்லம்மாள்: உனக்கில்ல.

பாரதி: அப்ப பக்ருன்னிசா அம்மாவயும் கூட்டினு போவலாமா?

செல்லம்மாள்: அவளயும் கூப்புடு. வரட்டும்.

பாரதி: அவளயும்னா... வேற யாருக்கு அத்தை? இவ்ளோ நேரமா ஆபரேஷன் பண்ணா தெரியுமா, எவ்ளோ நாளு உட்டா போய்டும்னு தோண்டி தோண்டி கேக்கறீங்க. ஊசிய உட்டு வருஷக் கணக்காவுது. ஒண்ணே ஒண்ணு தெச்சுக் காட்டுங்கன்னாலும் எரிஞ்சு உழறீங்க. யாருக்குன்னு சொல்லுங்க.

செல்லம்மாள்: காலையில உங்கம்மா அடுப்புலேர்ந்து எறக்குன டீய வெறுங்கையில வாங்குனேனே... இரும்புக் கைன்னு சிரிச்சியே பாரதி... அந்த டம்ளர் அவ்ளோ சூடாவா இருந்துச்சு?